மேலாநெல்லி ஏறாத மலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

1976-ஆம் ஆண்டு என்னோடு பி.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்து, இன்று முடி நரைத்தும் உதிர்ந்தும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, பின்வரிசையில் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "பூண்டுச் செடிகளும் அவற்றுக்குப் பெயர் வைத்தவர்களும்" என்றேன். "சார், சமையலா?" என்றார். அவர் வணிகவியல் மாணவர், அவரைக் குறை சொல்ல முடியாது. தண்டு மரமாக முற்றாமல், ஒரு மழையில் முளைத்து இன்னொரு மழைக்குள் காய்த்து மடிகிற சிறு செடிகளுக்குப் பூண்டு என்று பெயர். வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு என்று சொல்கிறோமே, அந்தப் பூண்டு. தும்பை, குப்பைமேனி, கீழாநெல்லி, கானாம்வாழை, கரிசலாங்கண்ணி எல்லாம் இந்த வகைதான். ஆலமரத்தை யாரும் மிதிப்பதில்லை. இவற்றைத் தினமும் மிதித்துக்கொண்டுதான் நடக்கிறோம்.

நான் தாவரவியலைப் படித்தேனே தவிர அதில் பிழைக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் கணக்குத் தணிக்கை பார்த்தேன். அடுத்தவர் எழுதிய கணக்கில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. அந்த வேலை பார்த்த மனிதன் எழுதிய ஒரு பொய்யைப் பற்றியும் இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்கு மேல் வளராது. சிறு கிளையின் இருபுறமும் இலைகள் வரிசையாக நிற்கும். பார்ப்பதற்கு ஒரே கூட்டிலை போலத் தெரியும், ஆனால் அது இலையல்ல, கிளை. அதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகு மாதிரி காய்கள் தொங்கும். நெல்லிக்காயின் குட்டிப் பொம்மை. இலைக்குக் கீழே நெல்லி, அதனால் கீழாநெல்லி. லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வழங்கிய பெயர் ஃபில்லாந்தஸ். கிரேக்கத்தில் இலையும் பூவும் சேர்ந்த சொல். அவர் கண்டதையே நம் ஆட்களும் கண்டிருக்கிறார்கள். அதற்கும் மேலே ஒரு படி, முழம் உயரப் பூண்டையும் மலையில் வளரும் பெரிய நெல்லி மரத்தையும் ஒரே சொல்லால் அழைத்தார்கள். லின்னேயஸும் 1753-இல் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். நெல்லி மரம் ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா.

லின்னேயஸ் ஸ்வீடன்காரர். வெப்பமண்டலம் எதையும் கண்ணால் பார்த்தவரல்லர். அப்படியானால் நம் பக்கத்துப் பூண்டுகள் அவருக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் அனுப்பிய உலர்ந்த செடிகளும் மற்றவர்கள் எழுதிய புத்தகங்களும் இருந்தன. அவற்றில் முக்கியமானது 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்'. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்தது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. எழுநூற்று நாற்பதுக்கு மேற்பட்ட செடிகள், படங்களோடு. பத்தாம் தொகுதியில் நம் கீழாநெல்லி இருக்கிறது, 'கிர்கனெலி' என்று. சத்தம் போட்டு ஒரு தடவை படியுங்கள், கீழாநெல்லி கேட்கும்.

வான் ரீடு தாவரவியல் படித்தவரல்லர், படைவீரர், நிர்வாகி. செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவரோடு ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அந்தணர்கள். இட்டி அச்சுதன் 1675-இல் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. அது இருப்பதால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. காட்டுக்குள் போய்ச் செடியைப் பிடுங்கி வந்தவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. லத்தீனில் பூட்டிக் கிடந்த அந்தப் பன்னிரண்டு தொகுதிகளையும் கோழிக்கோட்டுப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அது வெளியானது 2003-இல். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கானாம்வாழையிலும் ஒரு கதை உண்டு. அதன் பேரினத்துக்குக் கொம்மெலைனா என்று பெயர். கொம்மெலின் என்ற டச்சுக் குடும்பத்தின் பெயரிலிருந்து லின்னேயஸ் எடுத்தது. அவர்களில் யான் கொம்மெலின் என்பவர் 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' அச்சுக்குக் குறிப்புகள் எழுதியவர். அந்தப் பூவுக்கு மூன்று இதழ். இரண்டு பளிச்சென்று நீலமாக இருக்கும், மூன்றாவது இருப்பதே தெரியாது. கொம்மெலின்களிலும் இருவர் பேர் வாங்கிய தாவரவியலார்கள், மூன்றாமவர் தாவரவியலில் எதுவும் சாதிக்கும் முன்னே இறந்துவிட்டார், அதனால் இந்தப் பெயர் என்று லின்னேயஸே எழுதியிருக்கிறார். செத்தவரைக் கிண்டல் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக இந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது இதழைத்தான் முதலில் தேடுகிறேன்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்த காலம். லின்னேயஸின் நேர் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்து இறங்கினார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலை, அப்புறம் ஆங்கிலக் கம்பெனியில் வேலை. சயாம், மலாக்கா வரை போய் வந்தார். அவர் செய்த பெரிய காரியம் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை விவரித்தது. அது 1783-இல் அச்சானது. இதன் அருமை செடி அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இஞ்சிக் குடும்பத்துப் பூ பெரும்பாலும் ஒரே நாளில் வாடிவிடும், தாளில் வைத்து அழுத்தினால் கூழாகிவிடும். ஐரோப்பாவில் உட்கார்ந்து உலர்ந்த தாளைப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. செடி நிற்கிற இடத்துக்கே போய், பூத்த காலையில் உட்கார்ந்து எழுத வேண்டும். கோனிக் அதைச் செய்தார். 1785-இல் காக்கிநாடா பக்கம் ஜகந்நாதபுரத்தில் இறந்தார். கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் இரண்டாம் சொல் 'கோனிகீ', இவர் நினைவாக வைத்ததுதான். தினமும் தட்டில் ஓரமாக எடுத்து வைக்கிறோம்.

அதே தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்தவர் ராட்லர். ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த பாதிரியார். தமிழ் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ் - ஆங்கில அகராதி செய்த அதே ராட்லர்தான். 1799 - 1800-இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய வழியெல்லாம் செடிகளைக் குறித்துக்கொண்டே போனார். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற அதே செடிகள். 1836-இல் சென்னையில் காலமானபோது அகராதி முழுதாக அச்சேறவில்லை, 1841-இல்தான் முடிந்தது. சொல்லுக்குப் பொருள் தேடுவதும் செடிக்குப் பெயர் தேடுவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ராக்ஸ்பரோவைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. சோழமண்டலக் கரைச் செடிகளுக்கு 300 படங்களோடு மூன்று தொகுதி போட்டவர். அந்தப் படங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் அதில் இல்லை. ராபர்ட் வைட் வேறு மாதிரி. 1819-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டர். அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்க முடியுமா என்று பார்க்கும் பொறுப்பில் பத்து வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில் இருந்தார். அவருடைய 'ஐகோனெஸ்' என்ற படத்தொகுப்பில் 2101 படங்கள். ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்த படங்கள்தான் அவர் நூல்களுக்கு உயிர். வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. 1853-இல் வெளியான கடைசித் தொகுதியில் தரையில் வளரும் ஓர் ஆர்க்கிட் பூண்டுக்குக் 'கோவிந்தூயா' என்றே பேரினப் பெயர் வைத்தார். சம்பளத்துக்குப் படம் போட்டவருக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தக் காலத்தில் கொடுத்த மரியாதை.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் செடி ஏற்கெனவே 'ட்ரோபிடியா' என்ற பேரினத்தில் அடங்கும் என்று பின்னால் தெரிந்தது. முதலில் வைத்த பெயருக்கே முதல் உரிமை என்பது தாவரவியல் சட்டம். கோவிந்து இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில் இருக்கிறார். அடித்துவிட்டுத் தூக்கி எறிய மாட்டார்கள், பட்டியலில் வைத்திருப்பார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான். எதையும் அழிப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மறுபடி கீழாநெல்லி. நாங்கள் படித்தபோது அதற்கு ஃபில்லாந்தஸ் நிருரி என்று எழுதி மார்க் வாங்கினோம். ஹூக்கரின் புத்தகத்திலும் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் அப்படித்தான். ஆனால் நாங்கள் கல்லூரியில் காலடி வைப்பதற்குப் பல வருஷம் முன்பே, 1957-இல், வெப்ஸ்டர் என்ற அமெரிக்கர் இதைத் தெளிவாக்கிவிட்டார். நிருரி என்ற பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தது, உலகமெங்கும் வெப்பநாடுகளில் களையாகப் பரவியிருக்கும் நம் கீழாநெல்லி வேறு, அதற்கு உரிய பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்றால் கசப்பு. அந்தப் பெயர் 1827-இல் வெளியானது. செடியைச் சேகரித்தவர் தோனிங் என்ற டேனிஷ்காரர், இடம் இன்றைய கானா நாட்டுக் கடற்கரை. 1799 முதல் 1803 வரை அவர் அங்கே இருந்தார். ராட்லர் சென்னை சாலையில் செடி பார்த்துக்கொண்டு போன அதே நேரம்! 1807-இல் ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகன் மீது குண்டு வீசியபோது தோனிங்கின் சேகரிப்பு எரிந்து போனது. வேறு இருவரிடம் கொடுத்திருந்த இரட்டைப் பிரதிகள் பிழைத்தன. அவற்றை வைத்துத்தான் ஷூமாக்கர் அந்தப் பெயரை வெளியிட்டார். நம் வீட்டு வைத்தியத்தின் உரிமைப் பத்திரம் எங்கேயோ ஒரு அலமாரியில் பிழைத்துக் கிடந்திருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு, கேட்டால் கோபம் வரும். இந்தச் செடியின் பூர்வீகமே அமெரிக்காவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பெயர் மாறினால் என்ன, செடி அதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். 1988-இல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியை நாள்பட்டுத் தாங்குபவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று வாதம் நடந்தபோது முதலில் எழுந்த கேள்விகளில் ஒன்று: நீங்கள் கொடுத்தது எந்தச் செடி? எங்கே பறித்தது? 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வில் தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி வகையாக விற்ற சரக்கை மரபணு வரை பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் வேறு இனங்கள் இருந்தன. அதனால் தம்பிகளா, மஞ்சள் காமாலை வந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் நாட்டு மருந்துக் கடை.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமில்லை. சிவப்புக் கீழாநெல்லி என்கிற ஃபில்லாந்தஸ் யூரினேரியாவுக்குக் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாதது போல ஒட்டிக்கொண்டிருக்கும், விதையில் குறுக்கு வரி ஓடும். அமாரஸுக்குக் காய் வழவழப்பு, சின்னக் காம்பு, விதையில் நெடுக்கு வரி. பத்து ரூபாய் லென்ஸ் போதும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். இப்போது என்ன விலையோ. மூன்றாவது உறவுக்காரர் மேலாநெல்லி, ஃபில்லாந்தஸ் மெட்ராஸ்பாடென்சிஸ். லின்னேயஸ் வைத்த பெயர். சென்னைப்பட்டினத்தைச் சேர்ந்தது என்று பொருள். பெயரிலேயே முகவரி எழுதியிருக்கிற செடி. சமவெளியில் கரிசல்காட்டிலும் தரிசிலும் நிற்கும்.

என் பொய் இந்த மேலாநெல்லியைப் பற்றியது.

மூன்றாம் ஆண்டில் ஐம்பது ஷீட் கொடுக்க வேண்டும். ஐம்பது செடிகளைப் பறித்து, செய்தித்தாளில் விரித்து, மரச்சட்டத்தில் அழுத்தி, தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, கெட்டித்தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள் எழுத வேண்டும். பெயர், இடம், உயரம், தேதி, பறித்தவர். 1978 டிசம்பரில் கொல்லிமலைக்குக் கூட்டிப் போனார்கள். அப்போது அது சேலம் மாவட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு. திரும்பி வரும்போது என் கட்டு மட்டும் பஸ்ஸின் மேல் கூரையில் மழையில் ஊறிப் போச்சு. பதினொரு செடி அழுகிவிட்டது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

ஞாயிறு காலையில் விடுதிக்குப் பின்னால் போனேன். பழைய மாணவர்களுக்கு அந்த இடம் தெரியும், மெஸ் கிணற்றுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு கரிசல் திட்டு. பதினொன்றையும் அங்கேயே பறித்தேன். லேபிளில் "கொல்லிமலை, செம்மேடு, 1100 மீட்டர்" என்று எழுதினேன். இந்தியன் இங்க்கில், முத்து முத்தாக. பத்துச் செடி எங்கும் கிடைக்கிற களை, எவருக்கும் நஷ்டமில்லை. பதினொன்றாவது மேலாநெல்லி. அன்று பறித்து அன்றே அழுத்தியதால் காயும் விதையும் உதிராமல் அழகாக வந்துவிட்டது. பத்துக்கு ஒன்பது மார்க். துறை அலமாரியில் நிரந்தரமாக வைக்க அவர் தேர்ந்தெடுத்த நாலைந்து ஷீட்டில் அதுவும் ஒன்று.

பேராசிரியர் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டார். "இதை எங்கேடா பார்த்தே?" "செம்மேட்டுல சார், ரோட்டோரம்." "அந்த ஈரத்துலயா?" என்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஷீட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பதிவேட்டில் ஏற்றிவிட்டார். என்னை நம்பினார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்றார், சில வருஷத்தில் காலமானார். நானும் மறந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு பேத்திக்கு அட்மிஷன் விஷயமாக இங்கே வந்தபோது துறையை எட்டிப் பார்த்தேன். துறைத் தலைவர் அம்மையார் அன்போடு அலமாரியைத் திறந்து காட்டினார். பாச்சை உருண்டை வாசனை அப்படியே இருந்தது. ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து, "சார், இந்த ஒரு ஷீட்டாலதான் நான் நாலு தடவை கொல்லிமலை ஏறினேன்" என்றார். பார்த்தேன். என் கையெழுத்து. பறித்தவர் என்ற இடத்தில் வெறும் முதலெழுத்துகளும் வரிசை எண்ணும் மட்டும்தான், அதனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அவர் எம்.ஃபில். செய்தது தொண்ணூறுகளின் நடுவில். லான்செட் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பேரினத்தின் மீது எல்லோருக்கும் ஆர்வம் வந்த காலம். மலைப்பகுதி ஃபில்லாந்தஸ் பற்றித் தலைப்பு. இந்த ஷீட்டை நம்பி இரண்டு பருவமழை செம்மேட்டைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஆய்வேட்டில் "முன்பு சேகரிக்கப்பட்ட இடத்தில் மீண்டும் காணப்படவில்லை, மரவள்ளி சாகுபடி பெருகியதால் அழிந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். மரவள்ளி பெருகியது உண்மைதான். சாமையும் தினையும் விளைந்த நிலமெல்லாம் அங்கே மரவள்ளி ஆயிற்று. ஆனால் இந்தக் குற்றம் மரவள்ளி செய்ததல்ல.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் தூக்கமில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் சரியான தூக்கமில்லை. நான்காம் நாள் பஸ் ஏறி வந்து சொன்னேன். அவர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது தடவை போனப்ப எங்க அம்மா ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருந்தாங்க சார். மழை நின்னா செடி காய்ஞ்சிடும்னு விட்டுட்டுப் போனேன்" என்றார். நான் என்ன பதில் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. சொல்லாததை நான் மதிக்கிறேன்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னத் தாள்துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். லேபிளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "அதைத் தொடக்கூடாது சார், உங்களுக்கே சொல்லிக் கொடுத்திருப்பாங்களே" என்றார். ஆமாம், சொல்லிக் கொடுத்தார்கள். பழைய லேபிள் தப்போ சரியோ அப்படியே இருக்கும். திருத்துகிறவர் தனித் தாளில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, பக்கத்தில் ஒட்ட வேண்டும். கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்திலும் பழைய ஷீட்டுகளில் இப்படி நாலைந்து துண்டுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஒன்று சொன்னார், ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் இல்லை என்றார், அதற்கப்புறம் ஒருவர் முதலாமவரே சரி என்றார், எல்லாம் ஒரே தாளில். நிருரி என்று எழுதிய ஷீட்டுகளுக்குப் பக்கத்தில் அமாரஸ் என்ற துண்டு வந்து உட்கார்ந்ததும் இப்படித்தான்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "இடம் தவறு. உண்மையில் பறித்த இடம் கல்லூரி விடுதியின் பின்புறம், மெஸ் கிணற்றுக்கு அருகில். சேகரித்தவரே திருத்தியது." கீழே முழுப் பெயரும் தேதியும். கை நடுங்கியதால் எழுத்து அன்றைக்குப் போல முத்தாக வரவில்லை. மற்ற பத்து ஷீட்டுகள் எங்கே என்று கேட்டேன். துறையில் வைக்காதவற்றை அந்தக் காலத்திலேயே கழித்துக் கட்டிவிட்டார்களாம். அம்மையார் தன் ஆய்வேட்டின் நூலகப் பிரதியிலும் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

மேடையில் இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "என் பேரைச் சொல்லாதீங்க, செடியோட பேரைச் சரியா சொல்லுங்க" என்றார்.

ஒரு விஷயம் பாக்கி. விடுதிக்குப் பின்னால் அந்தக் கரிசல் திட்டு இப்போது பாதி சைக்கிள் ஸ்டாண்டு ஆகிவிட்டது. மீதிப் பாதியில் இன்று காலை நடந்து பார்த்தேன். குப்பைமேனி இருக்கிறது, பார்த்தீனியம் நிறைய இருக்கிறது, கானாம்வாழை ஒரு பூப் பூத்திருந்தது. மேலாநெல்லி என் கண்ணில் படவில்லை. என் கண்ணுக்கு வயசாகிவிட்டது, குனிந்தால் முதுகும் பிடிக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு மறுபடி போகிறேன். துறைத் தலைவரும் வருகிறார். தாவரவியல் மாணவர்கள் யாராவது கூட வந்தால், பழைய செய்தித்தாளும் ஒரு லென்ஸும் கொண்டு வாருங்கள்.